லேப்டாப் பேர் வேண்டாம், சிப் பேர் சொல்லுங்க!

கம்ப்யூட்டர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் பிராசஸராக இருந்தால் எட்டாம் தலைமுறையாவது கேட்கிறது. நீலகிரியில் ஓடுகிற லேப்டாப்பைத் தூக்கிப் போடுகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. அதனால் குன்னூரில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொடுங்கள் என்பவர்கள் கூடிவிட்டார்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் அப்படியே.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வைஃபை வரவில்லை, என்ன செய்ய?" என்று ஒரு வரி எழுதி, கீழே லேப்டாப் கம்பெனியின் பெயரைப் பெரிதாகப் போட்டு அனுப்புகிறீர்கள். அது எனக்கு உதவாது. பாக்கெட் மேலே இருக்கிற படத்தைப் பார்த்து உள்ளே இருப்பது டஸ்ட்டா லீஃபா என்று சொல்ல முடியுமா? உள்ளே இருக்கிற வைஃபை சிப்பின் பெயரை எழுதுங்கள். லினக்ஸ் மின்ட் என்றால் மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ், அதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன், அதில் நெட்வொர்க் என்ற பகுதி. வேறு லினக்ஸ் என்றால் டெர்மினலில் (கட்டளை அடிக்கிற ஜன்னல்) 'எல்எஸ்பிசிஐ', இடைவெளி, கழித்தல் குறி, 'என்என்' என்று சிறிய ஆங்கில எழுத்தில் அடியுங்கள். யுஎஸ்பியில் செருகுகிற சாமான் என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'. பெயரையும், பக்கத்தில் இருக்கிற எண்ணையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

இந்தத் தடவை சிலர் அதைச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் இடம்.

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் இது. மின்ட் போட்டேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டுமாம், நெட் வர டிரைவர் வேண்டுமாம். ரூட்டர் மாமா வீட்டு மாடியில் இருக்கிறது, அங்கிருந்து கேபிள் இழுக்க முடியாது. பிராட்காம் பிசிஎம்43142 என்று காட்டுகிறது. – *கல்லூரி மாணவர், கேத்தி*

பதில்: சிப் பெயரைச் சொன்னதால் பாதி வேலை முடிந்தது, தம்பி.

டிரைவர் என்பது ஒரு சாமானை ஓட்டுகிற மென்பொருள். விண்டோஸில் ஒவ்வொரு சாமானுக்கும் கம்பெனிக்காரர் அதைக் கொடுப்பார். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் என்கிற அதன் மையப் பகுதிக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் உங்களுக்கு சவுண்டு, டச்பேட், கேமரா எல்லாம் நீங்கள் கேட்காமலே வந்தன. இன்டெல், ஏதெரோஸ் வைஃபை சிப்களும் அப்படித்தான், போட்ட உடனே வரும். உங்கள் 43142-க்குக் கெர்னலுக்குள் டிரைவர் கிடையாது. பிராட்காம் கொடுத்த 'டபிள்யூஎல்' என்ற மூடிய டிரைவர்தான் அதை ஓட்டும். மூலநிரல் திறந்திராததால் அது கெர்னலில் சேராது, தனியாகத்தான் போட வேண்டும். அதற்குத்தான் நெட் கேட்கிறது.

கேபிள் வேண்டாம், போன் போதும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே 'யுஎஸ்பி டெதரிங்' இருக்கும், அதைப் போடுங்கள். சில நொடியில் லேப்டாப்பில் 'வயர்டு கனெக்ஷன்' என்று வந்துவிடும். லினக்ஸுக்கு அந்தப் போன் ஒரு லேன் கார்டு மாதிரிதான் தெரியும், அதற்குத் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: போன் அப்போது மாமா வீட்டு வைஃபையில் இருந்தால், பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே வயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும். உங்கள் டேட்டா பேக் கரையாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் வயரை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர்கள் எல்லாக் கடையிலும் தொங்குகின்றன. அதில் டேட்டா போகாது.

நெட் வந்ததும் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறங்கள். பிராட்காம் டிரைவரை அதுவே காட்டும், தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் கொடுங்கள். போனும் கைவசம் இல்லை என்றால், மின்ட் போட்ட அதே பென்டிரைவைச் செருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பயாஸில் (கம்ப்யூட்டரின் ஆரம்ப அமைப்பு) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு போட்டிருந்தால் இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ஏதோ ஒன்று கொடுப்பார்கள், மறந்துவிடுவார்கள். அடுத்து ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும்: எம்ஓகே மேனேஜ்மென்ட். ஏதாவது கீயை அழுத்து என்று பத்து வினாடி காத்திருக்கும், அதற்குள் அழுத்தாவிட்டால் தன்பாட்டுக்குப் போய்விடும். கடையில் பார்த்திருக்கிறேன், நீலத்தைப் பார்த்ததும் வைரஸ் என்று பயந்து பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்', அப்புறம் நீங்கள் கொடுத்த அதே பாஸ்வேர்டு, கடைசியில் 'ரீபூட்'. இதைச் செய்யாமல் விட்டால் டிரைவர் உள்ளே இருக்கும், ஆனால் கெர்னல் அதை ஏற்காது. டிரைவர் போட்டும் வைஃபை வரவில்லை என்பவர்களில் பலருடைய கதை இதுதான்.

இன்னொன்று, கெர்னல் புதிதாக மாறும்போதெல்லாம் இந்த டிரைவரும் அதற்கேற்ப மறுபடி தயாராக வேண்டும். வழக்கமாகத் தானே ஆகிவிடும். ஒரு நாள் அப்டேட் முடிந்து வைஃபை காணோம் என்றால் பதறாதீர்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை இருக்கும்.

அப்புறம், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை வைத்துச் செய்தது. என் கடைக்கு வந்தவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. இப்போது அவர்களேதான் லினக்ஸ் கேட்டு வருகிறார்கள்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். மகள் விட்டுப்போன லேப்டாப்பில் உபுன்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நெட் வருகிறது. பக்கத்து அறைக்குப் போனால் ரூட்டர் பெயரே மறைந்துவிடுகிறது. என் போனில் அதே இடத்தில் முழுக் கோடும் நிற்கிறது. பழைய கல் வீடு, சுவர் கனம் என்கிறார் மருமகன். மிஸ்ட் இறங்கினால் இன்னும் மோசம் என்கிறார் என் மனைவி. ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ என்று இருக்கிறது. – *கோத்தகிரி*

பதில்: சார், அதே இடத்தில் போனுக்கு முழுக் கோடு வருகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே சுவரும் மிஸ்டும் விடுதலை. சுவர் தடுத்தால் போனையும் தடுத்திருக்கும்.

மிஸ்டைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டு வைஃபை ஓடுகிற 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் மூடுபனி ஒன்றும் செய்யாது. பெருமழையில் டிடிஎச் டிவி நின்றுபோகிறதே, அது கேயு பேண்ட், 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே. மழைத்துளி அந்த அலையைத்தான் உறிஞ்சும். நம் ஊரில் மழை நாளில் நெட் போகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ மரம் விழுந்து ஃபைபர் அறுந்திருக்கும், அல்லது கரன்ட் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்திருக்கும். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சிக்கல் ஆன்டெனா. 8723பிஇ கார்டில் ஆன்டெனா செருக இரண்டு இடம் உண்டு. விலை குறைந்த சில லேப்டாப்களில் ஒரே ஒரு ஆன்டெனா வயரைத்தான் வைத்தார்கள், அதை இரண்டில் ஏதோ ஒன்றில் செருகினார்கள். எதில் செருகியிருக்கிறது என்ற குறிப்பு கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். சில மாடல்களில் அந்தக் குறிப்பு தப்பு. லினக்ஸ் டிரைவர் குறிப்பை நம்பி, வயரே இல்லாத பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் ஆன்டெனா இல்லாமலும் கொஞ்சம் கேட்கும், அதுதான் உங்களுக்கு வருகிற நெட்.

சரிசெய்ய ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். 'இடிசி' என்ற ஃபோல்டருக்குள் 'மோட்ப்ரோப்.டி' என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் புள்ளி வைத்து 'கான்ஃப்' என்று முடிகிற பெயரில் ஒரு கோப்பு உண்டாக்கி, ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: 'ஆப்ஷன்ஸ்', இடைவெளி, சிப் பெயர் சிறிய எழுத்தில், இடைவெளி, 'ஏஎன்டி', அடிக்கோடு, 'எஸ்இஎல்', சமக்குறி, 2. சேமித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மாற்றம் இல்லை என்றால் 2-ஐ 1 ஆக்குங்கள். இரண்டில் ஒன்று பிடிக்கும். அந்தக் கோப்பை அட்மின் உரிமையோடுதான் எழுத முடியும். கை நடுங்கினால் மருமகனை உட்கார வையுங்கள், சுவரைக் குறை சொன்னதற்கு அது போதும்.

மாறியது நிஜமா என்று எப்படித் தெரியும்? சிக்னலை டிபிஎம் (dBm) என்ற அளவில் பாருங்கள், மேலே சொன்ன பாதுகாப்புச் சிப் வேறு, இது வேறு. எப்போதும் மைனஸில்தான் வரும். மைனஸ் 85 என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, மைனஸ் 50 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 60 மைனஸ் 50 ஆவது மாதிரி பத்து கூடினால் சிக்னலின் சக்தி பத்து மடங்கு கூடியது என்று அர்த்தம். பக்கத்து அறையில் உட்கார்ந்து பாருங்கள், மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் முன்பு 80-க்கு மேல் இருந்தது 60-க்குக் கீழே வந்தால் வேலை முடிந்தது.

இந்தச் சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. உங்கள் ரூட்டர் இரண்டு பெயர் காட்டினால் 2.4 பெயரில்தான் சேர முடியும். கல் சுவரைத் தாண்டுவதற்கும் அதுதான் நல்லது.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். லினக்ஸில் இருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது. விண்டோஸில் இருந்து லினக்ஸுக்கு வந்தால் சில சமயம் வைஃபை காணாமல் போகிறது. பேட்டரி போச்சா? – *வெலிங்டன்*

பதில்: பேட்டரி போயிருந்தால் கடிகாரம் இப்படிச் சரியாக ஐந்தரை மணி நேரம் பார்த்துப் பின்னால் போகாது. மதர்போர்டில் இருக்கிற கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கும். காலை 9 மணிக்கு விண்டோஸ் 3.30 காட்டுவது அதனால்தான். லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்', இடைவெளி, 'செட்-லோக்கல்-ஆர்டிசி', இடைவெளி, 1 என்று ஒரு தடவை கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும். அது லினக்ஸ்காரர்கள் விரும்பாத வழி என்று ஒரு எச்சரிக்கையும் காட்டும், நம்மூருக்குக் கோடை நேரம் குளிர் நேரம் என்று மாற்றம் இல்லாததால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

வைஃபை காணாமல் போவது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாக அணைவதில்லை, பாதி உறங்குகிறது. வைஃபை கார்டும் சில சமயம் அரைத்தூக்கத்திலேயே லினக்ஸ் கைக்கு வருகிறது. விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை எடுத்துவிடுங்கள். உங்கள் டி டிரைவில் லினக்ஸில் இருந்து எதையும் எழுத முடியவில்லை என்ற தொல்லை இருந்தால் அதுவும் இதோடு தீரும்.

கேள்வி: எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். டிராயரில் பழைய 3ஜி டாங்கிள் கிடந்தது. லினக்ஸில் செருகினால் சிடி டிரைவ் என்று காட்டுகிறது. மோடமாக்க வழி உண்டா? இங்கே ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல். – *மஞ்சூர்*

பதில்: வழி உண்டு, பயன் இல்லை.

அந்த டாங்கிள் முதலில் சிடியாக நடிப்பது விண்டோஸுக்காக. தன் டிரைவரைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, சிடி மாதிரி திறந்து விண்டோஸில் ஏற்றிவிட்டு, அப்புறம் மோடமாக மாறும். லினக்ஸில் அந்த வேலையை 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற மென்பொருள் செய்கிறது, மின்ட், உபுன்டு இரண்டுக்கும் கிடைக்கிறது. மாறியதும் நெட்வொர்க் பட்டியலில் மொபைல் பிராட்பேண்ட் என்று வரும்.

ஆனால் யாரிடம் பேசும்? ஏர்டெல் 3ஜி-யை 2020-லேயே மூடிவிட்டது. ஜியோ தொடங்கியதே 4ஜி-யில்தான், 3ஜி என்பதே கிடையாது. சிம்மைப் போட்டு வேகம் வரவில்லை என்று லினக்ஸைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

ஜன்னல் ஓரத்தில் மட்டும் சிக்னல் என்றால், லேப்டாப்பில் செருகுகிற டாங்கிளே உங்களுக்குச் சரிப்படாது. லேப்டாப்பும் ஜன்னலில்தான் உட்கார வேண்டியிருக்கும். நீட்டிப்பு வயர் போடலாம் என்பார்கள், யுஎஸ்பி 2.0 வயர் 5 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. அதற்குப் பதில் 4ஜி சிம் போட்டு வைஃபை கொடுக்கிற சின்ன ஹாட்ஸ்பாட் பெட்டி ஒன்று வாங்கி ஜன்னலிலேயே வைத்துவிடுங்கள். லேப்டாப் உள்ளே மேஜையில் இருக்கட்டும். லினக்ஸுக்கு அது வெறும் வைஃபை, எந்த டிரைவர் சங்கடமும் இல்லை.

வாங்கும் முன் பெட்டியின் பின்னால் எல்டிஇ பேண்ட் எண்களைப் படியுங்கள். ஜியோ 4ஜி ஓடுவது 3, 5, 40 ஆகிய பேண்ட்களில். இதில் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். மெகாஹெர்ட்ஸ் குறையக் குறைய அலை மேடு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு தூரம் வரும். 40 என்பது 2300 மெகாஹெர்ட்ஸ், வேகம் உண்டு, மலை முகடு ஒன்று குறுக்கே வந்தால் சிரமம். குந்தா பக்கம் மாதிரியான பள்ளத்தாக்கில் பேண்ட் 5 இல்லாத பெட்டி வாங்கினால் காசுக்குக் கேடு. எந்த ஜன்னல் என்பதும் முக்கியம்: டவர் எந்தத் திசையில் என்று தெரியாவிட்டால் போனைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா ஜன்னலிலும் நின்று பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

கேள்வி: உபுன்டு இறக்க முயல்கிறேன். பாதியில் நெட் அறுந்துபோகிறது, மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை முழுசாக வந்தும் இன்ஸ்டால் ஆகாமல் நின்றது. – *பந்தலூர்*

பதில்: உங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் நெட் அறுந்து அறுந்துதான் வரும், பிரவுசரில் இறக்காதீர்கள். டாரன்ட் வழியாக இறக்குங்கள். டாரன்ட் என்றாலே திருட்டுப் படம் என்று நினைப்பவர்களுக்கு: உபுன்டு, டெபியன், மின்ட் எல்லாமே தங்கள் தளத்திலேயே அதிகாரபூர்வமாக டாரன்ட் கொடுக்கிறார்கள். கோப்பைத் துண்டு துண்டாக இறக்கி ஒவ்வொரு துண்டையும் அதுவே சரிபார்க்கும், விட்ட இடத்திலிருந்து தொடரும், அணைத்துவிட்டு நாளைக்கு மறுபடி போடலாம். முழுசாக வந்தும் இன்ஸ்டால் ஆகாதது நடுவில் கெட்டுப்போன கோப்பாக இருக்கலாம், டாரன்டில் அந்தப் பிரச்சினை வராது.

உபுன்டு 24.04 கிட்டத்தட்ட 6 ஜிபி, மின்ட் 3 ஜிபி சுமார். தினமும் ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவர் மின்ட்டைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். போட்ட பிறகு அந்த வைஃபை இணைப்பின் செட்டிங்ஸில் 'மீட்டர்டு' என்று குறித்துவையுங்கள், தானாக அப்டேட் இறக்கும் மென்பொருள்களில் பல அதைப் பார்த்து அடங்கியிருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளி லேபில் பழைய டெஸ்க்டாப்கள் இருக்கின்றன. லினக்ஸ் போட்டாயிற்று, வைஃபை கிடையாது. யுஎஸ்பி வைஃபை அடாப்டர் எது வாங்கலாம்? நன்கொடையாளர் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கித் தரத் தயார். – *ஆசிரியை, கூடலூர்*

பதில்: டீச்சர், முதலில் லேன் வயரைக் கேளுங்கள். ஒரே அறையில் நிற்கிற டெஸ்க்டாப்களுக்கு ஒரு சுவிட்ச், கொஞ்சம் கேட்6 வயர் போதும். 100 மீட்டர் வரை வயர் தாராளமாகப் போகும், டெஸ்க்டாப்பில் இருக்கிற லேன் போர்ட்டுக்கு லினக்ஸில் டிரைவர் தொல்லை வருவது அபூர்வம். இத்தனை குழந்தைகள் ஒரே நேரத்தில் வீடியோ திறந்தால் வைஃபை திணறும். ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்கு மட்டும் வெளியே செம்பு வயர் கட்டாதீர்கள். ஏப்ரல், மே இடி மழையில் அந்த ஒரு வயர் வழியாக மொத்த லேபும் போய்விடும். கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர்.

அடாப்டர்தான் வேண்டும் என்றால் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்று ஒரு பிரபலமான மாடல். அதன் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப், லினக்ஸில் செருகினால் அப்படியே ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப். பெயர் அதேதான், உருவமும் கிட்டத்தட்ட அதேதான், பின்னால் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரில் பதிப்பு எண் மட்டும் மாறியிருக்கும். முதல் பதிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு இப்போது கடையில் போய் வாங்கினால் கிடைப்பது வேறு சாமான்.

கேட்க வேண்டியது சிப். மீடியாடெக் எம்டி7610யு, எம்டி7612யு இரண்டும் கெர்னல் 4.19-லிருந்தே உள்ளே இருக்கின்றன. ரியல்டெக் ஆர்டிஎல்8821சியு, 8822பியு கெர்னல் 6.2-லிருந்து. உங்கள் கெர்னல் எண் என்ன என்று முதலில் பாருங்கள், டெர்மினலில் 'யுநேம்', இடைவெளி, கழித்தல் குறி, 'ஆர்'. நகம் அளவுக்கு இருக்கும் பெயரில்லாத மலிவு அடாப்டர்களில் சில, மேலே சொன்ன டாங்கிள் மாதிரியே முதலில் சிடியாகத் தெரியும். எல்எஸ்யுஎஸ்பி-யில் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் அதுதான், மோட்ஸ்விட்ச் வேண்டும். எண்ணைப் பார்த்ததும் கம்பெனியைச் சொல்லலாம்: 0பிடிஏ ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி ஏதெரோஸ், 8086 இன்டெல். 1978-ல் வந்த தங்கள் பழைய பிராசஸரின் எண்ணையே இன்டெல்காரர்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள், எனக்குப் பிடித்த குறும்பு.

நன்கொடையாளரிடம் முதலில் ஒன்றே ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். அது ஓடினால் அதே பதிப்பு எண்ணில் மிச்சத்தை வாங்கலாம்.

கேள்வி: ஜெராக்ஸ் கடை. கேனான் எல்பிபி2900 பிரின்டர். லினக்ஸில் ஓடுமா? – *கோத்தகிரி*

பதில்: ஓட்டலாம். கேனானின் கேப்ட் என்ற தனி வழியில் பேசுகிற பிரின்டர் அது. கம்பெனியின் லினக்ஸ் டிரைவரும் உண்டு, தன்னார்வலர்கள் எழுதிய டிரைவரும் உண்டு. ஆனால் வாசலில் ஆள் நின்று ஹால் டிக்கெட் கேட்கிற கடையில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த ஒரு மெஷினில் விண்டோஸ் இருக்கட்டும். எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எச்பிஎல்ஐபி என்ற எச்பியின் லினக்ஸ் மென்பொருளோடு ஒரு பிளக்-இன் இறக்க வேண்டும், அதற்கு நெட் இருக்கிற நேரத்தில் செய்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அந்தப் பிரின்டருக்குள் ஃபர்ம்வேரை (அதற்குள் ஓட வேண்டிய சின்ன மென்பொருள்) ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் லைட் எரியும், பேப்பர் வராது.

கேள்வி: புது லேப்டாப்பே வாங்கப் போகிறேன், லினக்ஸ் மட்டும் போட. எதைப் பார்ப்பது? டெபியன் போடலாமா? – *ஊட்டி*

பதில்: டெபியனுக்கு முன்பு தயங்கியதற்குக் காரணம் ஃபர்ம்வேர். வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சின்னக் கோப்புகள் கட்டற்றவை அல்ல என்று இன்ஸ்டாலரில் சேர்க்கமாட்டார்கள். 2022-ல் ஓட்டெடுத்து அந்த விதியைத் தளர்த்தினார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. தாராளமாகப் போடலாம்.

புது லேப்டாப்பில் பிரச்சினை தலைகீழ். சிப் புதிது, கெர்னல் பழையது. ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ-க்குக் கெர்னல் 6.2 வேண்டும், மீடியாடெக் எம்டி7925-க்கு 6.7. டெபியன் 12-ல் வருவது 6.1, அதில் இரண்டும் ஓடாது. அதனால் புதுச் சாமானுக்குப் புதுப் பதிப்பு எடுங்கள். இன்டெல் வைஃபை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிடிக்காத கார்டு உள்ளே இருந்தால் பல லேப்டாப்களில் கழற்றி இன்டெல் ஏஎக்ஸ்210 போட்டுக்கொள்ளலாம், ஒரே ஒரு ஸ்க்ரூ. ஏஎக்ஸ்201 வாங்கிவிடாதீர்கள், அது இன்டெல் பிராசஸரோடு மட்டும் ஓடுகிற ரகம், ஏஎம்டி லேப்டாப்பில் உயிர்வராது. சில பழைய லேப்டாப்களில் பயாஸ் வேறு கார்டை ஏற்காது, கழற்றும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு லைவ் பென்டிரைவ் எடுத்துப்போங்கள். இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே தொடங்கி, வைஃபை, சவுண்டு, கேமரா, வெளிச்சம் கூட்டுகிற பட்டன், மூடித் திறந்தால் விழிக்கிறதா, இவ்வளவையும் அங்கேயே நின்று பாருங்கள். கடைக்காரர் வைஃபை பாஸ்வேர்டு தரமாட்டார், உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பென்டிரைவே போடக்கூடாது என்றால் அடுத்த கடை.